கரியும் மென்முறையும்

நாடோறும் நாம் கையாளும் பொருள்களுள் பென்சிலும் ஒன்று. அதன் நடுவே இருக்கும் கருங்குச்சியை ஈயம் என்று கூறுவது உலக வழக்கு. உண்மையில் அதன்கண் ஈயம் சிறிதும் இல்லை. களிமண்ணோடு கலந்து சுடப்பெற்ற கிராபைட் என்னும் கரியே அஃது. இலங்கையிலும், நம் நாட்டில் சிவகங்கைப் பக்கத்திலும் இக்கரி நிலத்தினின்று கிடைக்கின்றது. இதுவும் வைரமும் ஒரே மூலப்பொருளின் இரு வடிவங்கள் என்பதைப் பலரும் அறிவர்.

தமிழ் பயிலும் மாணவனாகிய யான் இரசாயனத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். விடுதியில் என்னுடன் ஓரறையில் வாழும் நண்பர் இரசாயன மாணவர். அவர் வலக்கையிற் கந்தகத் திராவகம் தெறித்தமையால் உண்டான வடு ஒன்று உண்டு. அதனைக் கண்ட யான் ஒருநாள், “நுண்ணிய பொருளைச் செய்வதற்கும் இத்துணைக் கொடிய பொருள்கள் வேண்டுமோ?” என்று கேட்டேன். அவர் விடையாகக் கூறியது கிராபீன் ஆக்ஸைடின் வரலாறு. அவரிடம் கேட்டதும் பின்னர் நூல்களிற் கண்டதும் சேர்ந்து இக்கட்டுரை ஆயின.

கிராபைட்டின் அமைப்பை முதற்கண் அறிதல் வேண்டும். அதன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோணமாகப் பிணைந்து படலங்களாக விரிந்துள்ளன. அப்படலங்கள் ஏட்டுச் சுவடியின் ஏடுகளென ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் ஏறத்தாழ 30 லட்சம் படலங்கள் அடங்கும். ஒரு படலத்துள் அணுக்களின் பிணைப்பு மிக வலியது. படலத்திற்கும் படலத்திற்கும் இடையே உள்ள பற்றோ மெலியது. பென்சில் தாளில் எழுதுவது இம்மெலிவினாலேயே. தனியே பிரிந்த ஒரு படலத்திற்குக் கிராபீன் என்று பெயர். 2004-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் கெய்ம், நோவோசெலோவ் என்னும் அறிஞர்கள் ஒட்டுநாடாவினால் உரித்தே அதனைப் பிரித்தெடுத்தனர்; 2010-இல் நோபெல் பரிசும் பெற்றனர்.

ஒட்டுநாடாவினால் உரித்துப் பெறுவது மிகச் சிறிதே. மிகுதியாகப் பெற வேண்டுமாயின் படலங்களுக்கிடையே பிராணவாயுவைப் புகுத்தல் வேண்டும். அது புகுந்தவழிப் படலங்கள் விலகும். நீரை வெறுத்த கரி நீரை விரும்பும். நீரிலிட்டு அசைப்பின் தனித்தனி ஏடாகப் பிரிந்து பரவும். அவ்வாறு பிரிந்ததே கிராபீன் ஆக்ஸைடு.

இவ்வழியில் முதலிற் சென்றவர் ஆக்ஸ்போர்டில் இரசாயன ஆசிரியராக விளங்கிய பெஞ்சமின் பிராடி என்பார். கிராபைட்டின் அணு எடையை அறியும் நோக்கத்துடன் அவர் 1859-ஆம் ஆண்டில் அதனைப் பொட்டாசியம் குளோரேட்டுடனும் புகையும் நைட்ரிக் திராவகத்துடனும் சேர்த்து, நாட்கணக்கிற் சூடாக்கினார். அம்முறையில் எழும் குளோரின் டையாக்ஸைடு என்னும் வாயு வெடிக்கும் இயல்பினது. 1898-இல் ஸ்டாடன்மையர் என்பவர் கந்தகத் திராவகத்தையும் சேர்த்து அம்முறையைத் திருத்தினார். எனினும் அபாயம் நீங்கவில்லை.

1958-இல் அமெரிக்காவிலுள்ள பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹம்மர்ஸ், ஆஃப்மன் என்னும் இருவர் குளோரேட்டை விலக்கி, கந்தகத் திராவகம், சோடியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு ஆகிய மூன்றையும் கொண்டு, இரண்டு மணி நேரத்திற்குள் முடியும் முறையொன்றை வெளியிட்டனர். பெர்மாங்கனேட்டு நாம் கிணற்று நீரிலிடும் ஊதா நிற உப்பே. இம்முறை உலகெங்கும் பரவியது. ஆயினும் நைட்ரேட்டினின்று நச்சுப் புகை எழுகின்றது. பெர்மாங்கனேட்டும் வலிய கந்தகத் திராவகமும் கூடுமிடத்துத் தோன்றும் பச்சை நிற எண்ணெய் போன்ற பொருள், 55 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற் சூடேறின் வெடித்துவிடும்.

2010-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் மாகாணத்து ரைஸ் பல்கலைக் கழகத்தில் ஜேம்ஸ் டூர் என்பாரும் அவர் குழுவினரும் நைட்ரேட்டை அறவே நீக்கினர். கந்தகத் திராவகம் ஒன்பது பங்கு, பாஸ்பாரிக் திராவகம் ஒரு பங்கு என்று கலந்து, கிராபைட்டின் எடையைப்போல் ஆறு மடங்கு பெர்மாங்கனேட்டை இட்டு, 50 டிகிரியில் 12 மணி நேரம் வைத்தனர். நச்சுப் புகை எழவில்லை, விளைவும் மிகுந்தது. அன்றியும், படலத்தின் அறுகோணக் கட்டு முன்னையினும் குலையாது நின்றது. அருகருகே ஏறிய பிராணவாயுவைப் பாஸ்பாரிக் திராவகம் பற்றி நின்று, மேலும் சிதையாவண்ணம் காக்கின்றது என்று அவர்கள் கருதினர்.

ஈண்டுதான் கருதத்தக்க உண்மையொன்று உளது. வன்முறை செய்வோனுக்கு மட்டும் தீங்கன்று; செய்யப்படும் பொருளுக்கும் தீங்கே. பிராணவாயு மேலே ஏறுமளவில் நின்றால் அதனைப் பின்னர் இறக்கிவிடலாம். வெப்பமும் விரைவும் மிகுமாயின், கரியணுவே கரியமில வாயுவாய்ப் பறந்துவிடும். படலத்திற் பொத்தல் விழும். சுவடியிற் படிந்த தூசியைத் துடைக்கலாம். செல்லரித்த எழுத்தை யாங்ஙனம் மீட்பது? 2013-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் எய்க்லர் என்பாரும் உடன் ஆய்ந்தோரும், 10 டிகிரிக்குக் கீழ்க் குளிர்ச்சியில் வைத்து மெல்லச் செய்யின் கரிக்கட்டு ஏறக்குறையப் பழுதின்றி நிற்கும் என்று காட்டினர். முன்னிருந்த திராவகங்களே அவர்களும் கொண்டவை. மாறியது வெப்பமும் பொறுமையுமே.

ஏறிய பிராணவாயுவை இறக்கிக் கிராபீனை மீட்கும் தொழிலிலும் இத்தகைய மாறுதல் நிகழ்ந்தது. அதற்கு முன்னர்ப் பெரிதும் வழங்கியது ஹைட்ரஸீன். இராக்கெட்டுகளை உந்தப் பயன்படும் கொடிய நஞ்சு அது. அதற்கு ஈடாக வைட்டமின் ஸி போதும் என்பதை 2010-இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தனர். எலுமிச்சையிலும் நெல்லிக்கனியிலும் உள்ள பொருள் ஹைட்ரஸீனின் வேலையைச் செய்கின்றது எனின், வியப்பன்றோ!

இதனால் குறையொன்றும் இல்லை என்று கூறல் உண்மையாகாது. கந்தகத் திராவகம் இன்றும் வேண்டப்படுகின்றது. மேற்சொன்ன பச்சைப் பொருளின் அபாயமும் முற்றும் அகலவில்லை. இரண்டு மணி நேரத்து வேலைக்கு 12 மணி நேரம் செல்கின்றது. விளைந்த பொருளைக் கழுவுதற்கு நீர் மிக வேண்டும். கழுவிய நீரிலுள்ள திராவகத்தையும் மாங்கனீஸையும் நீக்காது ஆற்றில் விடுதல் அறமாகாது. செய்வோன் கைக்குத் தீங்கு குறைந்து, ஆற்றங்கரையில் வாழ்வோனுக்குத் தீங்கு மிகுமாயின் அதனை மென்முறை என்று எங்ஙனம் கூறுவது?

பிராடியின் காலம் முதல் இற்றை வரையிலும் இக்கரியின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒவ்வொரு திருத்தமும் வேண்டாத கொடுமை ஒன்றை விலக்கியதாகவே காணப்படுகின்றது. முதலிற் குளோரேட்டு நீங்கியது, பின்னர் நைட்ரேட்டும் ஹைட்ரஸீனும், அதன்பின் வெப்பம். கொடுமை குறையக் குறையப் பொருளும் நயம் பெற்றது. இவ்வாறு கூறி முடித்த என் நண்பர் தம் கையின் வடுவைத் தடவிக்கொண்டு, “அன்று யான் விரைந்தேன்” என்றார், வேறொன்றும் கூறவில்லை.