மிளகுக் கொடியும் ஏழு பேர்ச் காணியும்

பதுளையிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை பசறையை அடைந்து, அங்கிருந்து லுணுகலை வழியாகப் பிபிலையை நோக்கி இறங்குகிறது. அப்பாதையில் பயணம் செய்வோர் முதலிற் காண்பது தேயிலையே. தெற்கே நமுனுகுலை மலை நிற்க, அதன் சரிவுகளெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் ஒரே செடி, ஒரே நிறம். பாதை தாழத் தாழக் காட்சி மாறுகிறது. தேயிலை அருகி, சீமைக்கிளுவை மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகளும், வீட்டோரத்துக் கோப்பிச் செடிகளும், மேலும் கீழே மொனராகலைப் பக்கத்தில் கொக்கோவும் இறப்பரும் தோன்றுகின்றன. இம்மாற்றத்திற்கு மலையின் உயரமும் மழையும் காரணம் என்பது உண்மையே. அரசாங்கத் திணைக்களம் ஒன்றின் முயற்சியும் இதில் உண்டு என்பதைப் பலர் அறியார்.

ஒரே பயிரை நம்பி வாழ்வதன் ஆபத்தை இலங்கை கற்றுக்கொண்ட பாடசாலை பசறைக்கு அண்மையிலேயே இருந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படியலாயிற்று. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளரான துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பேர்க்லி என்னும் அறிஞர் அது ஒரு பூஞ்சண நோய் எனக் கண்டு பெயரிட்டார். தோட்டத்துரைமார் பலர் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. கோப்பிக்கு அக்காலத்தில் நல்ல விலை கிடைத்தது. நல்ல விலை உள்ள காலத்தில் யார்தான் இலையைத் திருப்பிப் பார்ப்பர்?

1880இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி நோயை ஆராய வரவழைக்கப்பட்டார். நோயின் வித்திகள் காற்றில் பரவுகின்றன என்றும், இடைவெளியின்றி மலை முழுவதும் ஒரே பயிரை நட்டமை நோய்க்கு வழி திறந்துவிட்டது என்றும் அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. 1884இல் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி முறிந்தது. சிலர் சிங்கோனாவை நட்டனர். எல்லாரும் நட்டதால் அதன் விலையும் வீழ்ந்தது. இறுதியில், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலையே மலைநாட்டைக் காப்பாற்றியது. ஆனால் வார்ட் சொன்னதை யாரும் மனத்திற் கொள்ளவில்லை. கோப்பி நின்ற இடத்தில் மறுபடியும் ஒரே பயிர் நின்றது. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோது பழைய அச்சம் திரும்பி வந்ததில் வியப்பில்லை.

சுதந்திரத்தின் பின்னும் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்தே கிடைத்தது. லண்டனில் விலை இறங்கினால் கொழும்பில் வரவுசெலவுத் திட்டம் ஆட்டம் கண்டது. இந்நிலையில் 1972ஆம் ஆண்டு சிறு ஏற்றுமதிப் பயிர்த் திணைக்களம் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் அது ஏற்றுமதி விவசாயத் திணைக்களம் எனப் பெயர் பெற்றது. 1992ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் அதன் பணிக்கு வலுவூட்டியது. மிளகு, கோப்பி, கொக்கோ, ஏலம், கராம்பு, சாதிக்காய் முதலியன அதன் பொறுப்பில் வந்தன. இவற்றுக்குச் 'சிறு' என்னும் அடைமொழி வந்தமை வேடிக்கையானது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கடல் கடந்து வந்தது தேயிலைக்காக அன்று; வாசனைத் திரவியங்களுக்காகவே.

திணைக்களத்தின் வேலைமுறை எளியது. மாத்தளையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் நல்ல இனங்களைத் தெரிவு செய்கிறது. நாற்றுமேடைகளில் வேரூன்றிய கன்றுகள் பைகளில் வளர்க்கப்படுகின்றன. விரிவாக்க உத்தியோகத்தர் காணியைப் பார்வையிட்டு, எப்பயிர் ஏற்றது எனக் கூறுகிறார். உதவி ஒரே தடவையில் கொடுக்கப்படுவதில்லை. நட்ட கன்று உயிருடன் நிற்கிறதா என்று பார்த்த பின்னரே அடுத்த தவணை கிடைக்கும். மிளகை எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டயரில் ஏறத்தாழ 1,700 கொடிகள் நிற்கும். மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கும். கொடி ஏறும் சீமைக்கிளுவையின் தழை நிலத்துக்குப் பசளையாகும், ஆட்டுக்கும் தீனியாகும்.

எனினும் பல பயிர் நட்டால் எல்லாத் துன்பமும் தீரும் என எண்ணுவது தவறு. இலங்கை மிளகின் பெரும் பகுதியை வாங்குவது இந்தியா. இரு நாட்டு வர்த்தக உடன்படிக்கையின் தீர்வைச் சலுகையைப் பயன்படுத்தி வேற்று நாட்டு மிளகும் இலங்கை வழியே செல்கிறது என்ற முறைப்பாடு எழுந்தது. 2017 டிசெம்பரில் இந்திய அரசாங்கம் இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் எனக் குறைந்தபட்ச விலை விதித்தது. பயிரைப் பலவாக்கியவர்கள் சந்தையைப் பலவாக்க மறந்தால் லண்டனுக்குப் பதில் வேறோர் ஊரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பசறைப் பகுதியில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. திணைக்களத்தின் உதவி காணியை உடையவருக்குரியது. கிராமத்துச் சிறு விவசாயி அதனாற் பயன் பெற்றார், அது பாராட்டத்தக்கதே. லயத்தில் வாழும் தொழிலாளிக்கோ காணி இல்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளுக்குச் சென்றது. மலை கைமாறிய ஒவ்வொரு முறையும் கொழுந்து பறித்தவரின் கையில் எதுவும் வரவில்லை. மிளகு நடத் தெரியாமையால் அவர்கள் ஒதுங்கி நிற்கவில்லை. லயத்தின் பின்புறத்து ஒரு முழ நிலத்தில் மரக்கறி விளைவிப்போரின் கைத்திறனைப் பார்த்தவர் எவரும் அவ்வாறு கூறத் துணியார்.

அண்மைக் காலத்தில் தோட்டக் குடும்பங்களுக்குத் தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் வழங்கும் திட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகள் 550 சதுர அடி கொண்டவை. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீட்டைக் கழித்தால் எஞ்சுவது 1,350. எட்டடிக்கு எட்டடி என்னும் கணக்கில் இருபது, இருபத்தொரு கொடிகள் நிற்கலாம். வழிநடைக்கும் கிணற்றடிக்கும் இடம் விட்டால் பன்னிரண்டு. நன்கு பேணிய கொடி ஆண்டுக்கு ஒரு கிலோ உலர் மிளகு தரும் எனக் கொண்டால் பன்னிரண்டு கிலோ. அதனால் ஒரு குடும்பம் வாழ முடியாது. ஆனால் பிள்ளையின் சப்பாத்துக்கும் புத்தகப் பைக்கும் கடைக்காரரிடம் கடன் சொல்லாமல் இருக்கலாம். அப்பன்னிரண்டு கொடிகளுக்கும் கன்று கேட்டு அலுவலகத்துக்குச் செல்பவரிடம் காணி உறுதியும் கையில் இருத்தல் வேண்டும். வீடு கிடைத்தும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் அதற்காகக் காத்திருக்கின்றன.