எல்லை தாண்டும் வீட்டு வண்டியும் சட்டமும்

பணி ஓய்வுக்குப் பின் ஸ்பெயினில் குடியேறும் பிரிட்டிஷ் முதியோருள் சிலர், படுக்கையும் அடுப்பும் பொருத்திய மோட்டார்ஹோம் என்னும் வீட்டு வண்டியைப் பிரிட்டிஷ் எண் பலகையுடனேயே கொண்டு செல்கின்றனர். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்காதவரின் வண்டி, தற்காலிக இறக்குமதி என்ற சலுகையின்கீழ், சுங்கத் தீர்வையின்றிப் பொதுவாக 6 மாதம் அங்கே இருக்கலாம். ஆனால் உரிமையாளர் ஸ்பெயினில் நிலையாக வசிப்பவராகிவிட்டால், அச்சலுகை நீங்கி, வண்டியை அந்நாட்டிலேயே பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டிஷ் பதிவு நீடிக்கும்வரை, எம்.ஓ.டி. எனப்படும் பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனைக்கு ஸ்பெயினின் ஐ.டி.வி. சோதனை ஈடாகாது என்பதோடு, வண்டி 12 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்குமாயின், பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ.வுக்கு அதனை நிரந்தர ஏற்றுமதியாகத் தெரிவிக்கவும் வேண்டும். குடிபெயருமுன் குறைந்தது 6 மாதம் சொந்தமாக வைத்துப் பயன்படுத்திய வண்டிக்கு, பிற நிபந்தனைகளும் நிறைவேறினால், தீர்வை விலக்குக் கோரலாம் என்பதால், உரிய ஆவணங்களைப் புறப்படுமுன்பே திரட்டி வைப்பது முதுமைக்காலத்து அலைச்சலையும் வீண்செலவையும் தவிர்க்கும்.