பொருள் மேல் பாயும் கை

பார்ப்பவருக்கு ஒரு முழத்துக்குள், சில சமயம் அவருடைய உள்ளங்கையிலேயே நடத்திக் காட்டும் மேஜிக்குக்கு மேடையும் திரையும் கிடையாது. ஒரு நாணயம், ஒரு கட்டுச் சீட்டு, ரப்பர் பேண்டு, கயிறு, ஸ்பாஞ்ச் பந்து, மூன்று கிண்ணம் என்று ஒரு தோள்பையில் அடங்கும் பொருள்களே போதும். பார்ப்பவர் சட்டென்று கை நீட்டி அந்தப் பொருளைப் பிடுங்கிவிடுவதுதான் இந்தக் கலையில் அடிக்கடி நேரும் இடைஞ்சல். மேடையில் செய்பவருக்குத் தூரமே காவல். அருகில் உட்கார்ந்து செய்பவர் அந்தக் காவலைப் பேச்சாலும், உட்காரும் விதத்தாலும், ஐட்டங்களை அடுக்கும் வரிசையாலும் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மேல்நாட்டு வித்தைக்காரருக்குப் பெரும்பாலும் ஒரு மேசை துணை நிற்கும். 1500ஆம் ஆண்டையொட்டிய காலத்தைச் சேர்ந்த, ஹியரோனிமஸ் பாஷின் பெயரால் அறியப்படும் வித்தைக்காரர் ஓவியத்திலேயே கிண்ணமும் பந்தும் மேசை மேல்தான் இருக்கின்றன. பார்ப்பவர் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று குனிகிறார். நியூயார்க்கில் வாழ்ந்த டோனி ஸ்லைடினி மேசை முன் உட்கார்ந்தபடி செய்த வித்தைகளுக்காகவே பேர்பெற்றவர். மேசை இருந்தால் பொருளைத் தன் பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம். நீளும் கைக்கு எட்டாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அந்த வசதி அபூர்வம். பள்ளிக்கூடத் தாழ்வாரம், வேப்பமரத்தடி, ஊராட்சி அலுவலகத் திண்ணை, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூட வாசல் ஆகியவைதான் இங்கே களம். திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தையோ, கல்லங்குறிச்சித் தேர்த்திருவிழாவின் நெரிசலையோ பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வேடிக்கை என்று தெரிந்துவிட்டால் கூட்டம் ஒரு பக்கமாக நிற்காது, நாலு பக்கமும் சூழ்ந்துகொள்ளும். முன்வரிசையில் பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்க முண்டுவார்கள். ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வட்டம் ஒரு சாண் சுருங்கும். அரை மணி நேரத்தில் முதல் வரிசைப் பையனின் முழங்கால் வித்தைக்காரரின் துண்டு மேல் இருக்கும். பிடுங்கும் சேட்டை என்று சொல்லப்படுவதில் பாதி இந்த நெருக்கத்தால் வருவதுதான். எட்டும் தூரத்தில் இருக்கும் பொருளைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாத பிள்ளை கிடையாது.

இந்த நெருக்கத்தை நன்றாக அறிந்தவர்கள் நம் ஊர்த் தெருவில் செப்படி வித்தை காட்டியவர்கள். இந்தியத் தெரு வித்தைக்காரரின் கிண்ணத்துக்குத் தலையில் ஒரு குமிழ் உண்டு. குந்தி உட்கார்ந்து, அந்தக் குமிழை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துத் தூக்கி வைப்பார்கள். கிண்ணம் தரையில் இருக்கும்போதும் வித்தைக்காரரின் உள்ளங்கை அதன் மேல் கவிந்தே இருப்பதால், வேறொரு கை புகுவதற்கு இடைவெளி குறைவு. தரையில் உட்காரும் இந்த முறை கடல் கடந்தும் போயிருக்கிறது. ராமசாமி என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ராமோ சாமி ஆக, அந்தப் பெயரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பேர்பெற்ற தென்னிந்திய வித்தைக்காரர் 1850இல் அங்கேயே இறந்தார். ஆங்கில எழுத்தாளர் வில்லியம் ஹாஸ்லிட் 1821இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக வந்து தரையில் அமர்ந்து பித்தளைப் பந்துகளைச் சுழற்றும் இந்திய வித்தைக்காரரை வியந்து எழுதியிருக்கிறார்.

தெரு வித்தைக்காரர் வட்டத்தைக் காத்த விதம் இரண்டு வகை. ஒன்று, கோடு. குச்சியாலோ தண்ணீராலோ தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு அதைத் தாண்டக் கூடாது என்பார். பாம்புக் கூடையைக் கூட்டம் அதிகம் நெருக்கும் பக்கமாக வைத்துவிட்டால் அந்தப் பக்கம் யாரும் காலை நீட்டுவதில்லை. பாம்புக்கும் கீரிக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார், கடைசிவரை விடமாட்டார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பாம்புக் கூடைக்குச் சட்டத்தில் இடமில்லை. இரண்டாவது, பயம். கை கட்டிக்கொண்டு நிற்காதே, பாதியில் நகர்ந்தால் ரத்தம் கக்குவாய் என்று மோடி மஸ்தான் மிரட்டிய கதை இல்லாத தமிழ் ஊர் இருக்காது. மிரட்டல் பலித்தது; யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பயத்தையே மூலதனமாக்கிக் கடைசியில் தாயத்து விற்கப்பட்டது. கோடு இன்றைக்கும் பயன்படும் நல்ல முறை. பயம் காட்டுவதை, குறிப்பாகப் பிள்ளைகளிடம், எந்த வித்தைக்காரரும் தொடக் கூடாது. அதனால் கூட்டம் அடங்கலாம். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பிள்ளை பயந்துகொண்டிருக்கும்.

கை எப்போது பாய்கிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நாணயம் மறைந்த நொடியில் யாரும் பிடுங்குவதில்லை. அப்போது ஆச்சரியம் மட்டும்தான். அடுத்த இரண்டு மூன்று நொடிகளில்தான் சந்தேகம் எழும், கையும் எழும். அந்த இடைவெளியில் வித்தைக்காரர் பேசாமல் பெருமையோடு நின்றால் கை வந்தே தீரும். அடுத்த வேலையை அவர் உடனே தொடங்கிவிட்டால் சந்தேகம் பின்தங்கிவிடும். பொருளைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பின்னுக்கு இழுப்பது இன்னொரு வாசல். வைத்த பொருள் ‘எடுத்துக்கொள்’ என்றே பார்ப்பவருக்குச் சொல்கிறது.

பேச்சில் வரும் தவறு இவற்றையும்விடப் பெரியது. “கண்டுபிடி பார்க்கலாம்”, “முடிஞ்சா சொல்லு” என்று சவால் விடுபவர் வித்தையை ஒரு போட்டியாக்குகிறார். போட்டி என்று வந்தபின் எதிராளி கை நீட்டினால் அவர்மேல் கோபப்பட நியாயமில்லை. “என் கையில் ஒண்ணுமே இல்ல, பாருங்க” என்பதும் அப்படித்தான். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால், கேள்வி இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. வெறுங்கையைப் பேசாமல் திறந்து காட்டினால் போதும்.

பிடுங்காமல் தடுப்பதில் எல்லாவற்றுக்கும் மேலான வழி, அந்தக் கைக்கு முன்கூட்டியே வேலை கொடுப்பது. அரசுப் பள்ளித் தாழ்வாரத்தில் அறுபது பிள்ளைகள் சூழ ஒருவர் ஐந்து ரூபாய் நாணயத்தை மறைத்துக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வந்த ஐந்தாவது நிமிடத்தில் முன்வரிசையில் யார் துறுதுறுப்பானவன் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மண்டியிட்டு எழுந்து எழுந்து உட்காருபவன், “எனக்குத் தெரியும் சார்” என்று முதலில் சொல்பவன், அவன்தான். அவனிடமே நாணயத்தைக் கொடுத்து, “தம்பி, இதுல என்ன வருஷம் போட்டிருக்குன்னு சத்தமா படி. வேற யார் கைக்கும் போகக் கூடாது, நீதான் பொறுப்பு” என்கிறார். அவன் படிக்கிறான். பக்கத்தில் இருப்பவன் கை நீட்டினால் இவனே தட்டிவிடுகிறான். பிறகு நாணயம் வித்தைக்காரர் கைக்கு வந்து மறைகிறது. அந்த நொடியிலேயே அவர், “இப்ப உன் ரெண்டு கையையும் இறுக்கி மூடிக்க. நான் சொல்றப்பதான் திறக்கணும்” என்கிறார். மூடிய கையால் எதையும் பிடுங்க முடியாது. இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது வாயும் அடங்கிவிடுகிறது. வித்தையில் அவன் பார்வையாளனாக இல்லை, கூட்டாளியாகிவிட்டான்.

இந்தச் சிறுவனைத் திட்டி ஒதுக்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கூட்டத்தில் மிகக் கூர்ந்து பார்ப்பவன் பெரும்பாலும் அவன்தான். அவனை எல்லோர் முன்பும் அவமானப்படுத்தினால் மற்ற ஐம்பத்தொன்பது பேரும் அவன் பக்கம் சேர்ந்துவிடுவார்கள். கைதட்டலுக்காக ஒரு பிள்ளையை மட்டம் தட்டும் வித்தைக்காரர்கள் இருக்கிறார்கள். அது திறமைக் குறைவு.

ஐட்டங்களின் வரிசையும் காவல்தான். கூட்டம் புதிதாகச் சேரும்போது, ரகசியம் எதுவும் ஒட்டியிராத பொருள்களோடு தொடங்குவது வழக்கம்: சாதாரணக் கயிறு, சாதாரண ரப்பர் பேண்டு, அவர்களிடமே வாங்கிய நாணயம். இவற்றை யார் பிடுங்கினாலும் ஒன்றும் வெளிப்படாது. வித்தைக்காரர் சிரித்துக்கொண்டே கையில் கொடுத்துவிடலாம். இரண்டு மூன்று முறை இப்படித் தாராளமாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னவரிடம் அதன்பின் யாரும் அவசரப்பட்டுக் கை நீட்டுவதில்லை. ரகசியம் உள்ள பொருளை அந்த நம்பிக்கை வந்தபின், நடுவில்தான் எடுக்க வேண்டும். அதையும் ஐட்டம் முடியும்போது கமுக்கமாகப் பையில் சேர்த்துவிட்டு, பார்க்கக் கேட்பவருக்குக் கொடுக்க அதே மாதிரிச் சாதாரணப் பொருள் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடுங்கிவிட்டால்? எதிர்த்து இழுக்கக் கூடாது என்பது முதல் விதி. நாணயத்தைப் பறிக்கும் இழுபறியில் விரல் மடங்கும், நகம் கீறும், கிண்ணத்தின் விளிம்பு கையைக் கிழிக்கும். இழுத்தாலே ‘இதில் ஏதோ இருக்கிறது’ என்று ஊருக்கே தெரிந்துவிடும். கையைத் தளர்த்திவிட்டு, “சரி அண்ணே, உங்ககிட்டயே இருக்கட்டும், பத்திரமா வெச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு வேறு பொருளால் வேறு வித்தையைத் தொடங்குவதே வழி. இரண்டு நிமிடம் கழித்து அவரே திருப்பித் தருவார். ரகசியம் வெளிப்பட்டே விட்டால் அதை ஒப்புக்கொண்டு, “கண்ணு கூர்மைதான்” என்று பாராட்டிவிட்டு மேலே போவது கௌரவம். பொய் சொல்லிச் சமாளிக்க முயன்றால் மீதி ஐட்டங்களும் கெடும்.

பெரியவர்கள் பிடுங்குவது வேறு மாதிரி. கல்யாண வரவேற்பில் நண்பர்கள் முன் தன் சாமர்த்தியத்தைக் காட்ட நினைப்பவர், குடித்துவிட்டு வருபவர் இருவரும் தனித்தனிச் சிக்கல். முதலாமவருக்கு மரியாதையான ஒரு பொறுப்பு கொடுத்தால் போதும். சீட்டுக்கட்டைக் கலைத்துத் தரச் சொன்னாலே அடங்கிவிடுவார். குடித்தவரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. அந்த ஐட்டத்தைச் சுருக்கி முடித்துக்கொண்டு, மண்டபத்தில் அவருக்கு வேண்டிய மாமாவையோ அண்ணனையோ ஜாடையாகக் கூப்பிடுவதே நல்லது. அவர் சொன்னால் கேட்பார். வெளியாள் சொன்னால் சண்டை. பெண்களின் கையைப் பிடித்து நாணயத்தை வைப்பது மேல்நாட்டு வித்தைகளில் சாதாரணம். இங்கே, முன்பின் தெரியாத ஆண் அப்படிச் செய்தால் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு வித்தை மறந்துவிடும். “அக்கா, இந்தக் கைக்குட்டையில விழுற மாதிரி பிடிங்க” என்று தூரத்திலிருந்தே போடலாம். அல்லது அவர் பக்கத்தில் நிற்கும் வளர்ந்த பிள்ளையின் கையில் வைக்கலாம்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம், திராவிடர் கழகம் போன்ற அமைப்புகள் ‘மந்திரமா, தந்திரமா?’ என்ற பெயரில் நடத்தும் நிகழ்ச்சிகளில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009இல் மறைந்த பி. பிரேமானந்த், சாமியார்களின் விபூதி வித்தையைச் செய்துகாட்டி, உருண்டையாகப் பிடித்த சாம்பலை விரலிடுக்கில் ஒளித்து நசுக்குவதை விளக்கியவர். இத்தகைய நிகழ்ச்சியில் ரகசியத்தைச் சொல்வதே நோக்கம். ஆகவே நீளும் கை அங்கே முதல் கேள்வி. அதை வரவேற்க வேண்டும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாக்குவதைக் காட்டுபவர், அந்தக் கிண்ணத்தைப் பிடுங்க வரும் பிள்ளையிடமே இரண்டையும் கொடுத்துக் கலக்கச் சொல்லலாம். நிறம் மாறுவது கார வேதியியல் என்பதை அந்தப் பிள்ளையே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளும். சுண்ணாம்புக்கல் வெட்டி சிமெண்ட் ஆலைக்குப் போகும் அரியலூர் மண்ணில் இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. ரகசியம் தெரிந்தால் சுவை போய்விடும் என்ற அச்சமும் வேண்டாம். அமெரிக்காவின் பென், டெல்லர் என்ற வித்தைக்கார இணை கண்ணாடி போல ஒளி ஊடுருவும் கிண்ணங்களை வைத்தே கிண்ண வித்தையைச் செய்தார்கள். எல்லாம் தெரிந்தும் பார்த்தவர்கள் வியந்தார்கள்.

ஆனால் இதே நிகழ்ச்சிகளில்தான் பிடுங்கும் கை உண்மையான ஆபத்தையும் சந்திக்கிறது. தீப்பெட்டி இல்லாமல் யாகத் தீ மூட்டிக் காட்ட பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் கிளிசரினும் பயன்படுகின்றன. இரண்டும் சேர்ந்தால் சில நொடி கழித்துத் தானாகவே பற்றும். அந்தச் சில நொடியில் ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தால் முகம் வெந்துவிடும். நெருப்பு சம்பந்தப்பட்ட எதையும் தரையில் வட்டத்துக்குள் செய்யக் கூடாது. உயரமான மேசை மேல், குறைந்தது பத்தடி தள்ளி, உதவிக்கு ஒரு ஆசிரியரை நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டும். சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் கேடு என்பதால் கலக்கிய கையை உடனே கழுவச் சொல்ல வேண்டும். மேஜிக் பொருள்களில் இப்போது அதிகம் புழங்கும் சின்னச் சின்னப் பலமான காந்தங்கள் இன்னும் மோசம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றைப் பிள்ளை விழுங்கினால் குடல் மடிப்புகளுக்கு இடையே அவை ஒன்றையொன்று இழுத்துத் துளையிடும்; அறுவை சிகிச்சை தேவைப்படும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் முன்வரிசையில் இருக்கும்போது காந்தம், நாணயம், சிறிய ஸ்பாஞ்ச் பந்து எதையும் வெளியே எடுக்காமல் கயிறு, கைக்குட்டை, பெரிய பந்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிளம்புமுன் பையில் உள்ளதை எண்ணிப் பார்க்க வேண்டும். காந்தம் ஒன்று குறைந்தாலும் கூட்டத்தைக் கலையவிடாமல் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் அங்கேயே சொல்லித் தேட வேண்டும்.