தெலுங்கு கங்கையும் களாக்கோழியும்

கோடையில் பூண்டி ஏரி வற்றத் தொடங்கினால், கடம்பத்தூர் வட்டாரத் தேநீர்க் கடைகளில் எழும் முதல் கேள்வி, கிருஷ்ணா நீர் எப்போது வரும் என்பதுதான். அது எந்த நிலங்களைக் கடந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கடந்த மார்கழியில் கண்டிக்கோட்டைக்குச் சாலை வழியே சென்றபோது அந்த நிலங்களின் ஒரு பகுதியைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

திருத்தணி, புத்தூர், ரேணிகுண்டா, ராஜம்பேட்டை வழியாகக் கடப்பையை நெருங்கும்போது பசுமை மெல்ல விலகிவிடுகிறது. செம்மண், சரளைக்கல், முட்புதர், இடையிடையே மொட்டைப் பாறை. கண்டிக்கோட்டையில் எர்ரமலைப் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது வடபெண்ணை. அமெரிக்கப் பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டுப் புகழ்பெற்றுவிட்ட இடம் என்பதால் விளிம்பெங்கும் தற்படம் எடுப்போர் கூட்டம். அவர்களுக்குச் சற்றுத் தள்ளிப் பாறையிடுக்குச் செடியொன்றில் இரண்டு மஞ்சள் தொண்டைச் சின்னான்கள் அமர்ந்திருந்தன. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. கால் மணி நேரம் பார்த்தேன்.

ஆனால், அந்த மாவட்டத்தின் உண்மையான அரிய பறவையைப் பகலில் சாலையோரத்தில் காண முடியாது. அதன் ஆங்கிலப் பெயர், சென்னைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டானின் பெயரைத் தாங்கியது. தமிழில் ஜெர்டான் கல்குருவி என்பர். தெலுங்கில் 'கலிவி கோடி'. கலிவி என்பது களாச்செடி. நாம் களாக்கோழி என்று சொல்லிக்கொள்ளலாம். 1848இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான இப்பறவை, 1900இல் அனந்தபூர் அருகே காணப்பட்ட பிறகு மறைந்துபோனது. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

1986 ஜனவரியில் அது மீண்டும் கிடைத்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் ஊர் ஊராக விசாரித்து வந்தார். கடப்பை மாவட்டம் ரெட்டிப்பள்ளி அருகே, ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர் ஓர் இரவில் விளக்கொளியில் அதைப் பிடித்தார். பிடிபட்ட பறவை பிழைக்கவில்லை. எனினும், 86 ஆண்டுகளாக ஆய்வாளர்களுக்குத் தெரியாதிருந்தது, இரவில் காட்டில் நடமாடிய ஒருவரின் கைக்கு எட்டியதைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில், 1988இல், ஸ்ரீ லங்காமல்லேஸ்வர வனவிலங்குச் சரணாலயம் உருவானது.

இப்பறவைக்கு அடர்காடு ஆகாது, வெட்டவெளியும் ஆகாது. புதர்கள் நிற்க வேண்டும், அவற்றுக்கு நடுவே ஓடித்திரிய வெறுந்தரை வேண்டும். மென்மணல் பரப்பிய தடங்களில் பதியும் காலடிகளைக் கொண்டும் தானியங்கிக் கேமராக்களைக் கொண்டும் ஆராய்ந்த ப. ஜெகநாதன் உள்ளிட்டோர், ஒரு ஹெக்டேருக்கு 300 முதல் 1,000 வரை பெரிய புதர்கள் உள்ள இடங்களையே அது மிகுதியாக நாடுகிறது என்று கண்டனர். ஆடுமாடு மேய்ச்சலும் விறகு வெட்டலும் மிதமிஞ்சினால் புதர் அழியும். அறவே நின்றால் புதர் மூடிக்கொள்ளும். ஆக, வேலி போட்டுவிட்டால் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்துவிட முடியாது. அரசின் தரிசு நில வரைபடத்திலோ, புதர்நிலம் என்பதே தரிசின் ஒரு வகை!

இங்குதான் நம் குடிநீர் வருகிறது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரும் ராயலசீமைக்குப் பாசனமும் தருவதற்காக 1983இல் இரு மாநில அரசுகளும் ஒப்பந்தம் செய்த திட்டம் தெலுங்கு கங்கை. ஸ்ரீசைலத்தில் எடுக்கும் நீர் கடப்பை மாவட்டம் வழியே சோமசிலைக்கும் கண்டலேறுக்கும் சென்று, பூண்டியை முதன்முதலில் எட்டியது 1996இல். ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்பது எல்லையில் நமக்குக் கிடைக்க வேண்டிய அளவு. இத்திட்டத்தின் கால்வாய்ப் பணிக்காக 2005இல் மண்வாரி இயந்திரங்கள் களாக்கோழியின் வாழிடத்துக்குள் இறங்கின. புதர்கள் பெயர்க்கப்பட்டன. ஆய்வாளர்களும் இயற்கை அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்த பின் பணி நின்று, கால்வாயின் பாதை மாற்றப்பட்டது.

ஒரு பறவைக்காகக் கால்வாயை வளைப்பதா என்று கேலி பேசியவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமான செலவாகவே தோன்றுகிறது. வளைத்ததால் திட்டம் நின்றுவிடவில்லை. பறவைக்கோ போக வேறிடம் இல்லை. மேலும், கால்வாய் தோண்டுவதோடு முடிவதில்லை பாதிப்பு: நீர் வந்ததும் சுற்றியுள்ள புதர்நிலம் வயலாகவும் தோப்பாகவும் மாறும். உழவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்தக் கால்வாயின் கடைக்கோடியில் குடிநீர் பெறும் நாமும் அச்சரணாலயத்தின் பராமரிப்புச் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். நீருக்கான பேச்சுவார்த்தைகளில் இதுவும் ஓர் அம்சமாக இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

பத்தாண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாதிருந்ததால், பறவை இம்முறை நிச்சயமாகப் போய்விட்டது என்ற அச்சம் பரவியிருந்தது. 2025 ஆகஸ்டில் ஆந்திரத்தில் பறவை ஆர்வலர் சிலர் இருட்டில் அதன் குரலைக் கேட்டுப் பதிவு செய்ததாகச் செய்தி வந்தது. அந்தி மறைந்தபின் சிறிது நேரமே அது குரல் கொடுக்கும்.