இரண்டு மாதம் கரையும் மருந்து

எய்ட்ஸ் நோய்க்கு முதல் மருந்து 1987ஆம் ஆண்டு வந்தது. ஏ.இசட்.டி. என்பது அதன் பெயர். நோயாளி அதை நான்கு மணிக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் எழுந்து, விழுங்க வேண்டியிருந்தது. பின்னாளில் நாளுக்கு ஒரு மாத்திரை போதும் என்ற நிலை ஏற்பட்டது. ஆயினும், அந்த ஒன்றையும் வாழ்நாள் முழுவதும் தவறாமல் உண்ண வேண்டும். மாத்திரைப் புட்டி பிறர் கண்ணில் பட்டுவிடுமோ என்று அஞ்சி மருந்தை விட்டவர்களும் உண்டு. விட்டால் எச்.ஐ.வி. கிருமி மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வகைகளும் தோன்றலாம்.

ஒருமுறை ஊசி போட்டால் இரண்டு மாதம் நிற்கும் மருந்து இருந்தால் எவ்வளவு நலம்! நானோ தொழில்நுட்பம் அதற்கு வழி கண்டுள்ளது.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே நானோமீட்டர். காபோடெக்ராவிர், ரில்பிவிரின் என்னும் இரு மருந்துகளும் நீரில் எளிதில் கரையாதவை. பொதுவாக இது ஒரு குறை. இங்கோ குறையே குணமாயிற்று. மருந்தை நீருடனும் கடினமான சிறு மணிகளுடனும் சேர்த்து அரைக்கிறார்கள். துகள்கள் சுமார் 200 நானோமீட்டர் அளவுக்கு நுண்மையாகின்றன. அவை ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க வேறொரு பொருளும் சேர்க்கப்படுகிறது.

ஏன் இவ்வளவு நுண்மை? கற்கண்டுக் கட்டியைவிடச் சர்க்கரைத் தூள் விரைந்து கரைவதை நாம் அறிவோம். தூளில் நீர் படும் பரப்பு மிகுதி. மருந்து பெரிய துகளாக இருந்தால் போதிய அளவு கரையாது, ஊசியையும் அடைத்துவிடும். முற்றிலும் கரைந்த நிலையில் இருந்தால் நெடுநாள் தங்காது. நானோ துகளோ பிட்டத் தசையில் தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேர்கிறது. கிருமி தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.வாகப் படியெடுப்பதை ரில்பிவிரின் தடுக்கிறது. அந்தப் படி நம் உயிரணுவின் மரபுப்பொருளில் இணைவதைக் காபோடெக்ராவிர் தடுக்கிறது.

இம்மருந்துகளை மாதம் ஒருமுறை செலுத்த அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை செலுத்த 2022இல் இசைந்தது.

இதனால் நோய் அடியோடு நீங்கிவிடுமா? நீங்காது. உயிரணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை இம்மருந்துகள் அழிப்பதில்லை. ரில்பிவிரின் ஊசி மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காக்கவும் வேண்டும். மற்றோர் இடரும் உண்டு. ஊசியை நிறுத்திய பிறகும் மருந்து ஓராண்டுக்கு மேல்கூட உடலில் சிறிதளவு தங்கக்கூடும். அந்தச் சிறு அளவு கிருமியை அடக்கப் போதாது. ஆனால், மருந்தை எதிர்க்கக் கிருமி பழகிக்கொள்ளப் போதும். ஆகவே, ஊசியை நிறுத்துவோர் உடனே வேறு மருந்துக்கு மாறிவிட வேண்டும்.

நாள்தோறும் மாத்திரையை நினைக்கும் சுமை நீங்கியது உண்மை. அடுத்த ஊசிக்குரிய நாளை மட்டும் மறக்கலாகாது.