ஸ்க்ரீன் சேவர் ஓடினா கரண்ட் மிச்சமா? பழைய கம்ப்யூட்டர் இபி பில்லை ஏத்துறது இப்படித்தான்!

திருவாரூர் மாவட்டத்தில் 'சின்ன சிங்கப்பூர்' என்று அழைக்கப்படும் கூத்தாநல்லூர், வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள் நிறைந்த ஊர். வாட்ஸ்அப் வீடியோ கால் வருவதற்கு முன்பு, கடல் தாண்டி இருப்பவரின் முகத்தைப் பார்க்க டெஸ்க்டாப், வெப்கேம், ஸ்கைப் என்று ஒரு செட்டே தேவைப்பட்டது. அந்த ஸ்கைப்பை 2025 மே மாதம் மூடியே விட்டார்கள். ஆனால் இதுபோன்ற ஊர்களில் அன்று வாங்கிய கம்ப்யூட்டர் பிள்ளைகளின் ப்ராஜெக்ட், பிரிண்ட் அவுட், பழைய கல்யாண வீடியோ என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் ஆன் செய்தால் ராத்திரி படுக்கப் போகும்போதுதான் ஆஃப்.

இடையில் யாரும் தொடாத நேரத்துக்கும் மீட்டர் ஓடுமே, அது எவ்வளவு?

பழைய சிபியு சும்மா இருக்கும்போதே சுமார் 70 வாட்ஸ் இழுக்கும். பழைய எல்சிடி மானிட்டர் 30 வாட்ஸ். ஆக 100 வாட்ஸ். தினமும் 6 மணி நேரம் ஆளில்லாமல் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்.

"36 யூனிட்தானே, என்ன பெரிய விஷயம்?" என்று தோன்றலாம். விஷயம் 500 யூனிட் எல்லையில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை வைத்துக் கணக்கு போட்டால், இரண்டு மாதத்துக்கு 470 யூனிட் ஓடிய வீட்டுக்கு பில் 1,545 ரூபாய். அதே வீட்டில் கம்ப்யூட்டரும் சும்மா ஓடி 506 யூனிட் ஆனால் 1,998 ரூபாய். 36 யூனிட்டுக்கு 453 ரூபாய்! காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த 2.25 ரூபாய் சலுகை விலை போய், அந்த 100 யூனிட்டும் 4.50 ரூபாய்க்கு ஏறிவிடும். அந்த ஒரே காரணத்தால் 225 ரூபாய் கூடுகிறது. பிறகு கட்டணம் திருத்தப்பட்டிருப்பதால், இப்போதைய தொகைக்கு உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள். ஏசி ஓடும் கோடையில் 500-ஐ ஒட்டி நிற்கும் வீடுகள்தான் இதில் உஷாராக இருக்க வேண்டும்.

ஸ்க்ரீன் சேவர் எதை 'சேவ்' பண்ணுது?

கரண்டை இல்லை. ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் அந்தக் காலத்து டப்பா மானிட்டரின் திரையில் அதன் தடம் பதிந்துவிடும். அதைத் தடுக்க வந்ததுதான் ஸ்க்ரீன் சேவர். மீன் நீந்தினாலும் பைப் வளர்ந்தாலும் திரை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். கம்ப்யூட்டருக்கு வேலை கூடவும் செய்யலாம். கறுப்பு வால்பேப்பரும் எல்சிடியில் கைகொடுக்காது, ஏனென்றால் பின்னால் எரியும் விளக்கு அணைவதில்லை. பிரைட்னஸைக் குறைத்தால் பலன் உண்டு.

மாற்ற வேண்டியது எங்கே?

கண்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போங்கள். 'சேஞ்ச் ப்ளான் செட்டிங்ஸ்' அழுத்தினால் இரண்டு வரி வரும். டிஸ்ப்ளே அணைய 5 நிமிடம், ஸ்லீப் போக 15 நிமிடம் என்று வையுங்கள். ப்ளான் 'பேலன்ஸ்டு' போதும். 'பவர் சேவர்' போட்டால் ஏற்கெனவே மெதுவாக ஓடும் மெஷின் இன்னும் ஊர்ந்து போகும், கிடைக்கும் மிச்சம் அந்த எரிச்சலுக்கு ஈடாகாது. டவுன்லோடு ஓடும்போது மட்டும் ஸ்லீப் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஸ்லீப்பில் இழுப்பது சில வாட்ஸ்தான். அந்த 36 யூனிட் 2 யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

ஸ்லீப்பில் நீங்கள் செய்த வேலை ரேமில்தான் இருக்கும். கரண்ட் போனால், சேவ் செய்யாதது காலி. யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன வீடுகளுக்கு 'ஹைபர்னேட்' நல்லது. அது எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிட்டு கம்ப்யூட்டரையே ஆஃப் செய்துவிடும். திரும்ப எழ கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். விண்டோஸ் 10-ல் இது மறைந்திருக்கும். பவர் ஆப்ஷன்ஸில் 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போய் டிக் செய்தால் வரும்.

ஸ்லீப் போட்டும் ஃபேன் சுத்துதா?

பழைய மெஷின்களில் பலர் கவனிக்காத இடம் இது. ஸ்லீப்பிலேயே எஸ்1, எஸ்3 என்று வகை உண்டு. எஸ்1 என்றால் பிராசஸர் மட்டும் நிற்கும். ஃபேன் ஓடும், கரண்ட் பெரிதாக மிச்சமாகாது. ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் போய், பவர் பகுதியில் 'சஸ்பெண்ட் மோட்' எஸ்1 என்று இருந்தால் எஸ்3 ஆக்குங்கள். மற்ற எதையும் தொட வேண்டாம். அதன் பிறகு தூங்கிய கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் பழசு. புதுசு போட்டும் சரியாகாவிட்டால் ஹைபர்னேட்தான் வழி.

இந்த ஏற்பாடெல்லாம் புதுசும் இல்லை. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992-ல் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் முத்திரை கொடுத்ததே கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும்தான். பழைய மெஷின் ஆன் ஆகும்போது கறுப்புத் திரையின் மூலையில் வந்த லோகோ ஞாபகம் இருக்கிறதா? அது இதுதான்.

கடை, பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர்களுக்கு வீட்டு இணைப்புக்கான 100 யூனிட் இலவசம் கிடையாது. சும்மா ஓடும் முதல் யூனிட்டிலிருந்தே காசு.

உங்க கம்ப்யூட்டர் எவ்வளவு இழுக்குது?

மீட்டரே சொல்லிவிடும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை என்பது முகப்பில் அச்சாகியிருக்கும். 3200 என்று இருந்தால், ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டு 5 நிமிடம் எண்ணுங்கள். 27 தடவை சிமிட்டினால் ஏறக்குறைய 100 வாட்ஸ். ஸ்லீப் போட்டுவிட்டு மறுபடி 5 நிமிடம் எண்ணினால் ஒன்றிரண்டு தடவைதான் வர வேண்டும். அதைவிட மிக அதிகமாக வந்தால் பயாஸில் எஸ்1 இருக்கிறதா என்று பாருங்கள்.