கலந்தாய்வுக்கு முன் ஒரு பாடவேளை

அன்று கீழ்ப்பாக்கத்தில் மருத்துவக் கலந்தாய்வு நடந்த வளாகத்துக்கு வெளியே, ஒரு வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். மாணவியையும் அவள் தந்தையையும் மட்டும் உள்ளே அனுமதித்திருந்தார்கள். என் பள்ளியிலிருந்து 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்ற முதல் மாணவி அவள். தந்தை தீப்பெட்டி ஆலைத் தொழிலாளி. முந்தைய நாள் இரவு விருதுநகரில் ரயிலேறி மூவரும் சென்னைக்கு வந்திருந்தோம்.

ஒரு மணி நேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். தந்தையின் முகத்தில் நிம்மதி.

“எம்.பி.பி.எஸ். தனியார் காலேஜ்லதான் இருக்குன்னாங்க டீச்சர். நமக்கு எதுக்கு அம்புட்டுப் பெரிய செலவு? கவர்மெண்டுலயே பல் டாக்டருக்கு இடம் இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டோம். சரிதான?”

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தனியார் கல்லூரியின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே செலுத்தும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாவரவியலும் விலங்கியலும் இரண்டு ஆண்டுகள் நடத்திய நான், இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கவில்லை. ஒதுக்கீட்டு ஆணை அவர் கையில் இருந்தது. அந்த ஆண்டு அதன்பின் அவளுக்கு வேறு வாய்ப்பு வரவில்லை.

பல் மருத்துவம் குறைந்த படிப்பு என்று நான் சொல்லவில்லை. அவள் விரும்பி அதை எடுத்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். பயந்து எடுத்தாள் என்பதுதான் என் வருத்தம். நம் பிள்ளைகளை நீட் தேர்வு வரை அழைத்துச் செல்லும் நாம், கலந்தாய்வின் வாசலோடு நின்றுவிடுகிறோம். வாசலுக்குள் என்ன நடக்கிறது என்பதை உயர்நிலை, மேல்நிலை வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்று வகை இடங்கள், மூன்று வகைச் செலவு

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகளின் எம்.பி.பி.எஸ். இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மீதி 85 விழுக்காட்டை மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. சுயநிதிக் கல்லூரிகளும் தம் இடங்களில் ஒரு பகுதியை அரசு ஒதுக்கீட்டுக்குத் தருகின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி.

அரசுக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நான்கு இலட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேலும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் இருபது இலட்சத்துக்கு மேலும் ஆகிறது. ‘தனியார்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் பெற்றோர் பின்வாங்குவதில் வியப்பில்லை.

ஆனால் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கான ஒதுக்கீடு இது. முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள். அந்த 2020 நவம்பர் கலந்தாய்வில்தான், சுயநிதிக் கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்கு அஞ்சிச் சிலர் இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். அதைத் தொடர்ந்தே, இந்த ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி இதுதான். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. தரகர் யாராவது “அரசே கட்டிவிடும்” என்று சொல்லி அங்கே அழைத்தால் நம்பக் கூடாது.

எந்தக் கல்லூரி?

இரண்டாவது சிக்கல் இனிமையானது. நல்ல தரவரிசை பெற்ற மாணவனுக்கு இரண்டு மூன்று அரசுக் கல்லூரிகள் எட்டும் தொலைவில் இருக்கும். அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

சில ஆண்டுகள் கழித்து என் மாணவன் ஒருவனுக்கு இந்த நிலை வந்தது. சென்னை ஸ்டான்லி, திருநெல்வேலி இரண்டுமே கிடைக்கலாம் என்ற நிலை. பள்ளி வாசலில் வைக்கப்போகும் பேனரில் ‘சென்னை’ என்று போட வேண்டும் என்பது என் உள்ளத்து ஆசை. அதை மறைக்காமல் அவனிடமே சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டோம்.

இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தவற்றை முதலில் எழுதினோம். பட்டம் ஒன்று. அதை வழங்குவது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். பாடத்திட்டம் ஒன்று. நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு கட்டாயப் பயிற்சி. மேற்படிப்புக்குப் போகும்போது எந்தக் கல்லூரியில் படித்தாய் என்று தரவரிசை கேட்பதில்லை; நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைத்தான் கேட்கும். 1938இல் தொடங்கிய ஸ்டான்லியும் 1965இல் தொடங்கிய திருநெல்வேலியும் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் வந்துபோகும் பெரிய மருத்துவமனைகளோடு இணைந்தவை. ஆகவே கற்பதற்கு எதிலும் குறைவில்லை.

பிறகு வேறுபடுபவற்றை எழுதினோம். வீட்டிலிருந்து தொலைவு. அம்மாவுக்கு இருக்கும் சிறுநீரகக் கோளாறு. மாதம் ஆகும் கைச்செலவு. அவன் தமிழ்வழியில் படித்தவன். முதல் ஆண்டில் ஆங்கிலப் பாடநூல்களோடு போராடும்போது வார இறுதியில் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்க முடிந்தால் அவனுக்குத் தெம்பாக இருக்கும். எழுதி முடித்ததும் அவனே “திருநெல்வேலி டீச்சர்” என்றான். பேனரில் ‘திருநெல்வேலி’ என்றே போட்டோம். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொரு பிள்ளைக்கு இதே தாள் சென்னையைக் காட்டியிருக்கலாம். அக்கா சென்னையில் இருக்கிறாள், வீட்டில் கவலை இல்லை, பெரிய நகரத்தில் பழக விருப்பம் என்றால் அதுவும் சரியான முடிவே.

புதிய கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். 2022 ஜனவரி 12 அன்று விருதுநகர், இராமநாதபுரம், திண்டுக்கல், அரியலூர், நீலகிரி உள்ளிட்ட 11 மாவட்டங்களில் 1,450 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. “புதுசு, வேண்டாம்” என்று சிலர் ஒதுக்குகிறார்கள். கட்டடம் புதிது, ஆனால் அங்கே மாவட்ட மருத்துவமனையும் நோயாளிகளும் முன்பே இருந்தார்கள். மூத்த மாணவர் வரிசை நீளமாக இருக்காது என்பது குறை. வகுப்பில் எண்ணிக்கை குறைவு என்பதால் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்க இடம் கிடைப்பது நிறை.

விருப்பப் பட்டியலில் செய்யும் பிழை

7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குப் பெரும்பாலும் நேரடிக் கலந்தாய்வு நடக்கிறது. திரையில் காலியிடங்கள் தெரியும். நம் முறை வந்ததும் சில நிமிடங்களில் சொல்லியாக வேண்டும். பொதுக் கலந்தாய்வு இணையவழியில் நடக்கிறது. அங்கே கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்ய வேண்டும்.

இந்த வரிசையில்தான் ஆசிரியர்களான நாமே தவறாக வழிகாட்டுகிறோம். “உறுதியாகக் கிடைப்பதை மேலே போடு” என்கிறோம். கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். மாணவரின் தரவரிசைக்கு முதலில் எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். உறுதியான இடத்தை முதலில் போட்டால், அதைவிட நல்லது காலியாக இருந்தாலும் கணினி அதற்குப் போகாது. எட்டாத கல்லூரியை முதலில் போடுவதால் இழப்பும் இல்லை. அது இல்லையென்றால் அடுத்ததைப் பார்க்கும். ஆகவே உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே எழுத வேண்டும். சேர விரும்பாத இடத்தை எழுதவே கூடாது. சேரத் தயாராக உள்ள இடங்கள் ஒன்றையும் விடக் கூடாது.

அடுத்தது, கிடைத்த இடத்தைவிட நல்ல இடம் வேண்டி அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது. அப்படிக் கேட்டு, பட்டியலில் மேலே உள்ள இடம் ஒதுக்கப்பட்டுவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். பிறகு “பழையதே போதும்” என்று திரும்ப முடியாது. எந்தச் சுற்றுவரை அபராதமின்றி விலகலாம், எப்போது விலகினால் அடுத்த கலந்தாய்வுக்குத் தடை என்பவை ஆண்டுக்காண்டு மாறுகின்றன. அந்த ஆண்டுத் தகவல் தொகுப்பேட்டை வரிவரியாகப் படிப்பதே பாதுகாப்பு. அதைப் பெற்றோரால் படிக்க முடியாவிட்டால் நாம் படித்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பறையில் ஒரு ஒத்திகை

இப்போது ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வு முடிந்ததும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குகிறேன். கரும்பலகையில் பத்துக் கல்லூரிகளும் இருபது இடங்களும். மாணவர்கள் சீட்டு எடுத்து ஆளுக்கொரு தரவரிசை எண் பெறுவார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். தேர்ந்தெடுத்த பின் காரணம் சொல்ல வேண்டும். “பேரு நல்லா இருக்கு டீச்சர்” என்ற பதிலுக்கு வகுப்பே சிரிக்கும். சொன்னவரும் மறுபடி யோசிப்பார். மருத்துவத்துக்குப் போகாத பிள்ளைகளுக்கும் இது பயன்படுகிறது. பொறியியல், வேளாண்மை, சட்டம் என எங்கே போனாலும் கலந்தாய்வு உண்டு.

நீட் முடிவு வந்ததும் பெற்றோரைத் தனியே அழைத்து அரை மணி நேரம் பேசுகிறேன். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதால் மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்கிறேன். கட்டணத்தை அரசு ஏற்பதை அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லச் சொல்கிறேன். தலையாட்டல் போதாது என்று அந்த வேப்பமரத்தடியில் கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அந்தக் கூட்டத்துக்கு என் முதல் மாணவியையே பேச அழைத்தேன். பல் மருத்துவப் பயிற்சியில் இருந்தவள் விடுப்பு எடுத்து வந்தாள். “எனக்கு இந்தப் படிப்பு பிடிச்சுப்போச்சு. ஆனா அன்னைக்கு எங்க அப்பாவுக்கு ஒரு விஷயம் தெரியாது. உங்களுக்கு அது தெரியணும்னுதான் வந்தேன்” என்று தொடங்கினாள். கடைசி பெஞ்சில் அவள் தந்தையும் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் மற்றப் பெற்றோரிடம் அவரே போய், “தனியார்னு பயந்துறாதீங்க, நல்லாக் கேட்டுக்கங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் பள்ளியிலும் இந்த ஆண்டு ஒரு பிள்ளையாவது அந்தத் திரையின் முன் நிற்கலாம். அதற்கு முன் ஒரு பாடவேளையை ஒதுக்கிவிடுங்கள்.